ஐந்தில் ஒன்றைத்தான் கேட்டோம்

தெமோதரை
12.11.2003

அன்பு மகள் மதுஷாவுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம், அங்க நீயும் குளிருக்கு ஒண்ணும் ஆகாம நல்லா இருக்கணும்னு முருகனை வேண்டிக்கிறோம். மழை விடவே இல்ல, தோட்டத்துல போஞ்சிக் கொடி எல்லாம் அழுகிப் போச்சு.

நீ வாத்தியக் குழுவுக்கு எழுதின அஞ்சு சின்ன உருப்படியையும் கொழும்புல வாசிக்கப் போறாங்கன்னு எழுதியிருந்தியே, போன சனிக்கிழமை போயிட்டு வந்தோம். ரெண்டு பேரும்தான். நீ பேராதனையில டாக்டர் படிப்பை விட்டுட்டு லண்டனுக்குச் சங்கீதம் படிக்கப் போன நாள்லேருந்து அம்மா உன்கூடப் பேசுறதில்ல, உன் பேரையும் எடுக்கிறதில்ல, அதனால நான் கூப்பிடல. விடியக்காலை நான் கிளம்புறப்ப அவ சேலை மாத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறா. சேர்ந்தே ரயிலேறினோம். ஹட்டனுக்குக் கிட்ட மண் சரிஞ்சு ரயில் நின்னுருச்சு. திரும்பிருவோம்னு சொன்னேன், அவ காதுல வாங்காம சேத்துல இறங்கி ரோட்டுக்கு நடந்துட்டா. பஸ் பிடிச்சு மண்டபத்துக்குப் போய்ச் சேர்றப்ப நாலு உருப்படி முடிஞ்சு அஞ்சாவது தொடங்குது. கதவோரமா நின்னு கேட்டோம். எனக்கு இந்த இசை அவ்வளவா விளங்காது, உள்ளதைச் சொல்றேன். கேட்டுக்கிட்டு இருக்கையிலேயே முடிஞ்சிருச்சு, சனம் கை தட்டுச்சு.

அம்மா சேத்துக்காலோட நேரா மேடைக்கிட்டப் போய், கோலை ஆட்டி வாசிக்க வச்ச பெரியவர்கிட்ட, இது எம் மக எழுதினது, மத்த நாலையும் இன்னொருக்கா வாசிங்கன்னு கேட்டா. அவருக்குத் தமிழ் தெரியல. வயலின் வாசிச்ச றஷீதாங்கிற பிள்ளைதான் இங்கிலீசுல சொல்லுச்சு. வாசிக்கிறவங்கள்ல பாதிப் பேர் போயிட்டாங்கம்மா, மன்னிக்கணும்னாரு. அப்புறம் அந்தப் பிள்ளையே மூடின பெட்டியைத் திறந்து, நாலுலயும் தன் பங்கை மட்டும் தனியா வாசிச்சுக் காட்டுச்சு. நடுவுல நிறுத்தி நிறுத்தி வாசிச்சுச்சு, ஏன்னு கேட்டதுக்கு, அந்த இடத்துல மத்தவங்க வாசிப்பாங்கன்னு சொல்லுச்சு. அம்மா அந்த இடத்திலயும் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே நின்னா. வர்றப்ப பஸ்ஸுல நம்ம ஊருக்குக் கிட்ட, பண்டாரவளை தாண்டினதும், அவ அங்க என்னத்த ஆக்கித் தின்றான்னு என்கிட்ட கேட்டா. எனக்குத் தெரியலன்னேன். அதைக் கட்டாயம் எழுது.

வேளைக்குச் சாப்பிடு, நெஞ்சுல சளி கட்டாமப் பாத்துக்க. றஷீதாவுக்கு ரெண்டு வரி நன்றி எழுதிப் போடு, மறந்துறாத. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியா நடக்கட்டும். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்றா அம்மா, விட்டிருக்கேன்.

உன் நலமே நினைக்கும் அப்பா,
சிவஞானம்

மதுஷா, நல்லா இருந்துச்சு. ஏன் இவ்வளவு குட்டியா எழுதுற. இன்னுங் கொஞ்சம் நீட்டி எழுது. அம்மா.