செங்கல் தூள்

பிப்ரவரி 9

பின்னறையில் ஆஸ்கருக்குக் கட்டில் பூட்டி முடித்தேன். ஒரு திருகாணி மிச்சம். எங்கே போகவேண்டியதோ தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஊலோ இருந்திருந்தால் ஒரு பாட்டு வாங்கியிருப்பேன்.

மே மாதம் மகள் மேரிகே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹெல்சிங்கியிலிருந்து வந்துவிடுவாள். விருந்துக்கு அல்ல, இங்கேயே இருக்க. இங்கே தார்த்துவில் வேலை தேடுகிறாள். பேரன் என் வீட்டில் வளரப்போகிறான். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

கட்டில் சட்டத்தில் சிவப்பாகத் தூசி, விரலில் மாவு மாதிரி ஒட்டியது. கணப்படுப்பின் செங்கல் உதிர்கிறது போல. துடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10

மறுபடி தூசி. நேற்றுத்தானே துடைத்தேன்?

பிப்ரவரி 22

மாடி வீட்டு ஹெல்வே காபிக்கு வந்தாள். உள்ளே நுழையும்போதே மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி ஊர்வே, வீட்டுக்குள்ளயே காடு வளக்கறியா? காளான் வாசனை ஆளைத் தூக்குது."

தூக்காமல் என்ன? பின்னறைக்கு அடுத்த சாமான் அறையில் காய்ந்த காளான் மாலைமாலையாகத் தொங்குகிறது. எங்கள் பட்டாணித் தெருவில் யார் காளான் பறித்து வந்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் சட்டியில் போடுவார்கள். எனக்குத் தெரியாத காளான் இந்தப் பக்கத்துக் காட்டில் கிடையாது. ஒரு மாலையை எடுத்து அவள் கையில் திணித்து அனுப்பினேன். வயிற்றெரிச்சல் பிடித்தவள்.

மார்ச் 8

காளான் மாலைகளை எல்லாம் பரணுக்கு ஏற்றிவிட்டேன். வாசனை போகவில்லை.

பின்னறை ஜன்னலோரம் லினோலியம் விரிப்பு உப்பியிருக்கிறது. பலகையின் சிலாம்பு ஆஸ்கர் முழங்காலில் ஏறக்கூடாது என்று போன கோடையில் சுவருக்குச் சுவர் இழுத்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து விரித்தது. இப்போது கால் வைத்தால் அமுங்குகிறது. ஈரக் காற்றுதான் காரணம். வேறென்ன?

மேரிகே போனில் கேட்டாள்: "ரூம் எப்படிம்மா இருக்கு?"

"உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

பிறகு, "மே இல்லன்னா ஜூன்ல வரேம்மா, அவசரமில்ல" என்றாள். எதற்கு ஜூன்?

மார்ச் 29

ஆறு ஏறிவிட்டது. முற்றத்தில் தண்ணீர், வாசற்படி வரைக்கும்.

ஹெல்வே படியில் நின்று சொன்னாள்: "பூனைப் பொந்தெல்லாம் மூடியே கிடக்கு பாரு. ஊலோ இருந்தா வசந்தம் வந்ததும் முதல் வேலையா திறந்து விட்டிருப்பாரு."

அஸ்திவாரத்தில் நான்கு பொந்துகள். தரைக்கு அடியில் காற்று போக வர. குளிர்காலத்துக்கு முன்னால் அடைப்பார், வசந்தத்தில் திறப்பார். கடைசியாக அடைத்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷ அக்டோபரில். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. படியோரப் பொந்தில் அவருடைய சாம்பல் நிற வேலைக் கோட்டின் கை துருத்திக்கொண்டிருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் பார்க்கிறேன். பிடுங்கக் கை வரவில்லை. போன வசந்தத்திலும் வரவில்லை.

"அவர் அடைச்சது. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

ஹெல்வே பதில் பேசாமல் மேலே போய்விட்டாள். எதற்கெடுத்தாலும் ஏதாவது சொல்கிறவள். அவள் பேசாமல் போனதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 11

பின்னறையை வினிகர் போட்டுத் துடைத்தேன். சுவரடிப் பலகைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன். ஒரு இடத்தில் பிரஷ் உள்ளே போய்விட்டது — மரத்துக்குள். தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி. பட்டி வைத்து அடைத்து அதன் மேலும் பெயின்ட் அடித்தேன்.

என்ன செய்துகொண்டிருக்கிறேன்? தெரியும். எழுத மாட்டேன்.

ஏப்ரல் 12

எழுதாவிட்டால் இல்லாமல் போய்விடுமா?

வீட்டுக் காளான், மரத்தைத் தின்று வீட்டையே பொடியாக்குவது. இந்தத் தெருவில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முனை வீட்டை அதற்காகத்தான் இடித்தார்கள்.

ஏப்ரல் 24

காலையில் கதவைத் திறந்தால் ஹெல்வே, பக்கத்தில் கையில் டார்ச்சோடு ஒரு பெண். அன்னேலி என்று பெயர். வீடுகளில் மரம் கெட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் ஹெல்வே. "என் வீடும் உன் சுவத்து மேலதான் நிக்குது. கோவிச்சுக்கறதுன்னா கோவிச்சுக்கோ."

கோபித்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. பிறகுதான் பயம் வந்தது.

அன்னேலி குத்தூசியைப் பலகையில் வைத்து அழுத்தினாள், பிடி வரைக்கும் போனது. லினோலியத்தைக் கிழித்துத் தூக்கினாள். அடியில் தாம்பாளம் அகலத்துக்கு ஒன்று படர்ந்திருந்தது. நடுவில் துரு நிறம், சுற்றிலும் வெள்ளைக் கரை, மேலே துளித்துளியாகத் தண்ணீர். சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. காட்டில் கண்டிருந்தால் மண்டியிட்டுப் பார்த்திருப்பேன்.

சுற்றிலும் பலகை கட்டங்கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறது. சிவப்புத் தூசி அதன் விதையாம். செங்கல் இல்லை. இத்தனை நாள் நான் அதன் விதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்புச் சுவரை டார்ச்சால் காட்டினாள். பென்சில் கனத்தில் சாம்பல் நரம்பு ஒன்று செங்கல் இடுக்கில் நுழைந்திருந்தது.

"கல்லுக்குள்ளயும் போகுமா?"

"போகும். ஒரு இடத்துல ஈரம் கிடைச்சா போதும். அங்கேருந்து தண்ணியை இழுத்துக்கிட்டு காஞ்ச மரத்தைத் தேடிப் போயிடும்."

"எவ்வளவு வெட்டணும்?"

"கெட்டது முடியற இடத்துலேருந்து இன்னும் ஒரு மீட்டர்."

சின்ன அறை. ஒரு மீட்டர் தள்ளினால் அறையே மிச்சமில்லை.

அவள் கட்டிலைப் பார்த்தாள். "இங்க குழந்தையைப் படுக்க வைக்காதீங்க. தரை தாங்காது."

ஏப்ரல் 25

மேரிகேயிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்பவே தெரியும்மா. ஆஸ்கர் தவழ்ந்த இடத்துல தரை அமுங்கிச்சு. அந்த வாசனை வேற. நீ தொத்திறைச்சி பொரிச்சுக்கிட்டே அந்த ரூமைப் பத்தியே பேசிக்கிட்டிருந்த. எனக்கு வாய் வரல."

அதனால்தான் ஜூன்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி."

"நீயும் சொல்லியிருக்கலாமேம்மா."

மே 2

கோட்டுக் கையைப் பிடுங்கினேன். சொதசொதவென்று வந்தது. உள்ளே பஞ்சு பஞ்சாக வெள்ளை நூல். இத்தனை காலம் நான் காத்து வைத்திருந்தது இதைத்தான். அன்னேலி சொன்னபடி கெட்ட பலகைத் துண்டுகளோடு சேர்த்து எரித்தேன். நன்றாக அழுதேன்.

நான்கு பொந்தும் திறந்தாயிற்று.

மே 20

பலகை போயிற்று, தரையைத் தாங்கிய உத்திரம் போயிற்று, அடியில் இருந்த மண்ணையும் ஆட்கள் அள்ளிவிட்டார்கள். சுவர்ப்பூச்சைக் கொத்தி, தீயால் வாட்டி, காளான் சாகப் போரான் உப்புக் கரைசல் அடித்தார்கள். ஒரு வருஷத்துக்குத் தரை போடக்கூடாதாம். கதவைத் திறந்தால் பள்ளம். கட்டிலைக் கழற்றிச் சமையலறையில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 5

மேரிகே ஹெல்சிங்கியிலேயே வேறு வீடு பார்த்துவிட்டாள். ஆஸ்கருக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைத்ததாம். "அடுத்த வருஷம் பாப்போம்மா."

பார்ப்போம்.

செப்டம்பர் 14

காட்டிலிருந்து கூடை நிறையக் காளானோடு வந்தேன். கழுவச் சட்டி எடுக்கப் போனால், அடுப்பின் இந்தப் பக்கம், சமையலறை அலமாரியில் — விரலில் மாவு மாதிரி ஒட்டியது.

துணியை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே கீழே வைத்தேன்.

முதலில் அன்னேலிக்குப் போன் செய்தேன். "தொடாதீங்க, நாளைக்கே வரேன்" என்றாள். பிறகு மேரிகேவுக்கு.

"சமையலறையிலயும் வந்திருச்சுடி."

"சரிம்மா. நாங்க சனிக்கிழமை கப்பல்ல வரோம். நீ தனியா கிடக்காத" என்றாள்.

இத்தனை மாதமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை.

"நீ மட்டும் வா" என்றேன். "குழந்தையை இங்க கொண்டு வராதே."