சைபுதீன் வாங்கியவை

12 மார்ச் 1974, மட்டாஞ்சேரி

மிளகு நேற்றைய விலையிலேயே நின்றது. சுக்கு சற்று இறக்கம். நான் வேலை பார்க்கும் பத்திரிகைக்கு விலையைத் தந்தி அடித்துவிட்டு மாலைப் படகில் எதிரே உள்ள துறைமுகத் தீவுக்குப் போனேன். அங்கே ஓட்டலில் சைபுதீன் டிரம்ஸ் வாசிக்கிறான். நான்கு பேர் கொண்ட ராக் குழு. கேட்பவர்கள் பெரும்பாலும் கப்பல்காரர்கள்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தட்டி அடி வாங்கியவன். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நானும் வாங்கியிருக்கிறேன். இன்று அவன் குச்சியை உயர்த்தினால் கூடமே மேசையைத் தட்டுகிறது. நான் சுவரோரம் நின்றேன். நன்றாக வாசித்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். செய்தி செய்திதான்.

இடைவேளையில் சாயா குடித்துக்கொண்டே சொன்னான்: "எடா லிங்கம், எங்க நாலு பேருக்குக் குடுக்கறதைவிட அந்த வாடகை ஸ்பீக்கருக்கு ஓட்டல்காரன் கூடக் குடுக்கறான். பின்னே நான் எந்தினு வேர்த்துக் கொட்டணும்?"

நான் தொடங்க நினைக்கும் வாரப் பத்திரிகையைப் பற்றிச் சொன்னேன். மிளகு, ஏலம், சுக்கு விலை, கப்பல் வரவு எல்லாம் தமிழில். போடி முதல் தூத்துக்குடி வரை வியாபாரிகள் வாங்குவார்கள். "நல்ல காரியம்டா" என்றான். அதற்குள் அவனை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

3 ஜூன் 1974

சைபுதீன் இரண்டு ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான்.

25 செப்டம்பர் 1976

வல்லார்பாடம் மாதா பள்ளிப் பெருநாளுக்குப் போனேன். மரத்துக்கு மரம் அவன் ஸ்பீக்கர். கல்யாணம், தர்கா நேர்ச்சை, கட்டட வேலைக்காரர்களின் கோயில் கொடை – எங்கும் அவனுடையதுதான். வாசிப்பதை நிறுத்தியே விட்டான். காரணம் கேட்டேன். "கை நோவுது" என்றான்.

பொய். கூட்டம் குறையும் முன்பே இறங்கிவிட்டான், அவ்வளவுதான். அவன் மேடையில் சறுக்குவதை ஒரு நாள் பார்ப்பேன் என்று காத்திருந்தேனோ? இருந்தேன்.

18 ஜனவரி 1978

தோப்பும்படியில் ஓடாமல் கிடந்த ஐஸ் ஆலையைச் சைபுதீன் வாங்கிவிட்டான். இறால் ஏற்றுமதி பெருகுகிறது, துறைமுகத்தில் ஐஸ் போதவில்லை என்று மூன்று மாதம் முன்பு எழுதியவன் நான். ஐந்து பத்தி. என் பெயரோடு வந்தது. படித்தவன் அவன்.

"நீ எழுதினதை வெச்சுத்தான் வாங்கினேன், தேங்க்ஸ்டா" என்றான். தோளில் தட்டினான். அந்தத் தோளை வீட்டுக்கு வந்ததும் கழுவினேன். சிறுபிள்ளைத்தனம். தெரியும்.

7 ஏப்ரல் 1980

இப்போது அவனுக்கு வேலையே அடுத்தவர் தொழிலில் பங்கு எடுப்பதுதான். கடன் கொடுக்கமாட்டான், கேட்டு வந்தால் "பங்கு தா" என்பான். ராசப்பனின் படகு எஞ்சின் பட்டறையில் போட்டான். ஒச்சம்மாளின் இட்லிக் கடையில்கூடப் போட்டான். இட்லிக் கடையில்!

பத்திரிகைத் திட்டத்தைப் புதிதாக எழுதி அவன் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். இது மூன்றாவது முறை.

30 ஏப்ரல் 1980

அவன் எதுவும் சொல்லவில்லை.

14 பிப்ரவரி 1982

மதியம் சைபுதீன் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பாக்கியலக்ஷ்மி தான் போட்ட இறால் ஊறுகாயை வைத்தாள். ஏற்றுமதியில் கழிக்கும் பொடி இறாலில் போடுவது. நான் வருடக்கணக்காகத் தின்று வருகிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சைபுதீன் பேச்சை நிறுத்தினான். இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். "இது எத்தனை நாள் இருக்கும் தங்கச்சி?"

"ஆறு மாசம் தாங்கும் அண்ணே. உங்க கண்ணுல படாம இருந்தா."

"கல்ஃபுக்குப் போனா?"

"என்னையும் சேத்தா, ஊறுகாயை மட்டுமா?"

இருவரும் சிரித்தார்கள். என் இலையில் சோறு ஆறிப்போயிருந்தது. எட்டு வருடமாக நான் காத்திருக்கும் கேள்வியை அவன் கேட்டான் – என் வீட்டில், என் எதிரில், என் பெண்டாட்டியிடம். "நான் பங்கு போடட்டா?"

21 பிப்ரவரி 1982

நிதானமாக எழுத வேண்டும்.

கொச்சங்காடியில் பழைய தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. ஒரு துண்டைப் போட்டு, அதனடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. இருவரும் ஒத்துக்கொண்டதை மாற்றக்கூடாது, பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. சைபுதீன் பங்கையும் அப்படித்தான் பேசுவான், பத்திரம் அதற்கப்புறம். அயலான் பெண்பிள்ளையின் கையைப் பிடிக்க முடியாதே. அவள் சார்பில் நான் உட்கார வேண்டும் என்றான்.

மொத்தம் பத்துப் பங்கு. பிடிக்கும் விரல் பாக்கியலக்ஷ்மியின் பங்கு: ஒரு விரல் ஒரு பங்கு, முழுக்கை ஐந்து. பாக்கியலக்ஷ்மி அடுப்படியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நமக்கு அஞ்சு கேளுங்க. நாலுன்னாலும் சரின்னுருங்க. விட்றாதீங்க, என்னங்க."

இந்தத் துண்டுப் பேரத்தை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கையை நுழைத்தது இன்றுதான். அவன் என் நான்கு விரலைப் பிடித்தான். நாலு! அவள் சம்மதித்த அதே நாலு. நான் சரி என்று அழுத்தினால் போதும், முடிந்தது.

என்னால முடியல. இவன் ஜெயிச்சுக்கிட்டே போவான், நான் அதுக்குத் துண்டு பிடிக்கணுமா? பேரம் கெட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அவன் முழுக்கையையும் பிடித்தேன். விட்டேன். மறுபடி மூன்று விரலைப் பிடித்தேன். அவளுக்கு எட்டு, அவனுக்கு இரண்டு. எவனும் எழுந்து போய்விடுவான்.

அவன் எழவில்லை. என் முகத்தையே பார்த்தான். துண்டுக்கடியில் அவனுடைய இரண்டு விரல் என் உள்ளங்கையில் தாளம் போட்டது. பிறகு கையை இறுக்கிப் பிடித்தான். சம்மதம்.

"எடா, வீட்டுக்காரனே இத்தனை பிடிவாதமா நின்னா சரக்கு மோசமா இருக்காது" என்றான். "இப்படியொரு கையை வெச்சுக்கிட்டு இவ்வளவு காலம் தந்தியாடா அடிச்சுட்டிருந்தே?"

எட்டு என்று கேட்டதும் பாக்கியலக்ஷ்மி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்காகவா கேட்டீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

2 ஆகஸ்ட் 1983

ஊறுகாய் போட இப்போது பாக்கியலக்ஷ்மியிடம் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். "எங்க வீட்டுக்காரர் துண்டைப் போட்டா தரகு பண்ற சேட்டன்மாரெல்லாம் எந்திரிச்சு ஓடுவாங்க" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய்விட்டேன்.

9 நவம்பர் 1984

சைபுதீன் அச்சகம் வாங்கிவிட்டான். ஊறுகாய்ப் புட்டிக்கு லேபிள் அடிக்கவாம். அச்சகம்! என் பத்திரிகை அடிக்க வேண்டிய அச்சகத்துல லேபிளு! வீட்டில் கத்தினேன். மூணு தடவை எழுதிக் குடுத்தேன், ஒரு தடவையாவது வாயத் தொறந்தானா, நாய்க்குப் போடற பிஸ்கெட்டாவது போட்டானா என்று என்னென்னவோ.

பாக்கியலக்ஷ்மி புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நீங்க அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"எழுதிக் குடுத்தேனே."

"குடுத்தீங்க. கேட்டீங்களா? மேசைமேல வெச்சுட்டு ஓடி வந்தா அது கேக்கறதா? எனக்குக் கேட்டாப்பல உங்களுக்கு என்னிக்காவது கேட்டீங்களா?"

அன்று துண்டுக்கடியில் நான் எட்டுக் கேட்டதன் காரணம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னது உண்மை. பத்து வருடத்தில் ஒரு முறைகூட நான் வாய் திறந்து கேட்டதில்லை. அவனாக வந்து கேட்கவேண்டும் என்றிருந்தேன்.

10 நவம்பர் 1984

ஐஸ் ஆலைக்குப் போனேன். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை; உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"சைபு, என் பத்திரிகையில நீ பங்கு போடணும். ஆறு எனக்கு. நாலு உனக்கு. என்ன எழுதறதுங்கிறது முழுக்க என் இஷ்டம். உன் கம்பெனியைப் பத்தியும் எழுதுவேன்."

"மோசமாவா?"

"மோசமா இருந்தா மோசமா."

நீண்ட நேரம் சிரித்தான். "வாயத் தொறக்க உனக்குப் பத்து வருஷமாடா? நானா கேட்டா நீ வேண்டாம்பேன்னு பயந்துட்டிருந்தேன். உன் மூஞ்சி அப்படி." பிறகு, "அஞ்சு தா" என்றான்.

"ஆறு."

"செரி, நடக்கட்டும். சாயா குடிச்சுட்டுப் போ."

22 ஜூன் 1985

மழை. நம் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் ஏலக்காய் விலை பிழையாகப் போய்விட்டது. அச்சை நிறுத்தி மாற்றினோம். போடியிலிருந்து ஐம்பது பிரதி கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். கப்பல் வரவுப் பகுதிக்குத் தனி ஆள் வேண்டும்.

மாலையில் ராசப்பன் வந்தான். சைபுதீன் இழுவைப் படகு வாங்கி அதற்கு எஞ்சின்கூட மாற்றியாயிற்றாம். போன மாதமே. எனக்கு இன்றுதான் தெரியும். விசாரிக்கவே தோன்றவில்லை.