மணல் விலகிய வீடியோ

செவ்வாய், இரவு.

பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. தூர் வாரச் சொல்லி நாளைக்கு ஊரே கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறது. வீடியோ ஆதாரத்தை டிவிடியில் போட்டுத் தரச் சொல்லிவிட்டார்கள் ஆபீசில். எங்கள் குப்பத்தில் எடிட்டிங் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆதாரம் என்று யார் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு அமுதாக்கா வீடு வீடாகப் போய், கரையில் எடுத்த கல்யாணம், பிறந்தநாள் வீடியோக்களை வாங்கி வந்தாள். ஆட்களுக்குப் பின்னால் முகத்துவாரம் தெரிகிற இடங்களை மட்டும் வெட்டி, வருஷ வரிசையில் ஒட்டினேன்.

சாயந்திரம் முதல் டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் அகலமான தண்ணீர், படகுகள். அப்புறம் ஒவ்வொரு வீடியோவிலும் மணல் நெருங்கி வந்தது. கடைசியில், தண்ணீர் இருந்த அதே இடத்தில் அமுதாக்கா பேத்தி ஓடி விளையாடுகிறாள்.

"தெனம் பாத்துக்கினுதானே இருந்தோம், எப்படிம்மா தெரியாம போச்சு?" என்றார் மாமனார். ஆயுசெல்லாம் அந்த வழியாகக் கடலுக்குப் போனவர்.

கொஞ்ச நேரம் கழித்து, "இத்த கடைசிலேர்ந்து ஓட்ட முடியுமா?" என்று கேட்டார்.

லேப்டாப்பில் துண்டுகளைத் திருப்பி அடுக்கி ஓட்டினேன். மணல் விலகியது. தண்ணீர் அகன்றுகொண்டே போனது. படகுகள் வந்தன. நானே வெட்டி ஒட்டியதுதான், ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அமுதாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா போடும்மா," என்றார் மாமனார்.

மனுவுக்கான காப்பிகள் முடிந்துவிட்டன. இப்போது டிவிடியில் ஏறிக்கொண்டிருப்பது மாமனாருக்கு, திருப்பி அடுக்கியது.