மஞ்சுமலைப் பேரரசியாரின் எண்ணைச் சூடிய கணினி குறித்து

மேகம் தங்கும் மஞ்சுமலை நாட்டின் தலைவியும், தண்ணாற்றின் தலைமதகுக்கு உரியவரும், அறம் பிறழா ஆட்சியருமான பேரரசி நீலமாதேவியார் திருமுன்பு, செங்கழனி நாட்டுத் தலைமை அமைச்சன் ஒளிமாறன் நிலம் தோய வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. கணினி இருக்க ஓலை எதற்கு என்று தாங்கள் வினவமாட்டீர்கள். நிகழ்ந்ததைக் கண்டபின் எம் அவையில் எவரும் விசைப்பலகையைத் தொடத் துணிவதில்லை.

தங்கள் பட்டறைக் கணினிகளில் மட்டுமே இயங்கும் ‘முகில்’ இயங்குதளத்தின் மேல் எம் மன்னர் அரிமாவளவர் ஆசை கொண்டார். ஆயினும் தங்கள் கணினியை வாங்க அவர் மானம் இடம் தரவில்லை. எனவே எம் கணினிக் கம்மியர் வெண்பூதனார் சந்தை சந்தையாக அலைந்து, மதர்போர்டு ஓரிடத்தும் கிராபிக்ஸ் கார்டு வேறிடத்தும் வாங்கிப் பூட்டி ஒன்றை அமைத்தார். முகிலை ஏற்றியபோது திரை இருண்டது. பிறகு திரை வந்தது, ஒலி போனது. இறுதியில், இது மஞ்சுமலையில் பிறந்த கணினியே என்று முகிலை நம்பவைக்கும் சிறு நிரலொன்றை எழுதினார். அதற்குத் தங்கள் பட்டறை இடும் வரிசை எண் ஒன்று தேவைப்பட்டது.

எவருக்கும் வழங்கப்படாத எண்ணாகப் பார்த்து இடவேண்டும் என்று கம்மியர் மன்றாடினார். முதல் நெல்லும் முதல் மாங்கனியும் மன்னருக்கே படைக்கும் எம் அவையோ, மன்னரைக் கடைசி எண்ணில் அமர்த்துவதா என்று கொதித்தெழுந்தது. மன்னரும் தலையசைக்க, முதல் எண்ணே இடப்பட்டது. அது தங்கள் சொந்தக் கணினியின் எண் என்பதையோ, எண்ணைக் கொண்டே முகில் தன் உரிமையாளரை அறிந்து, அவர் குறிப்புகளை அவ்வெண்ணுள்ள கணினிகள் எல்லாவற்றிலும் காட்டும் என்பதையோ எவரும் நினைக்கவில்லை.

அதில் மன்னர் ஆசையாய் எழுதிய முதல் குறிப்பு, தங்கள் அவையிலுள்ள எம் தூதர் நற்கண்ணனாருக்கானது. தண்ணாற்று நீரில் பாதி கேட்கவேண்டும், மறுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் இசையவேண்டும் என்பதே அது. மறுநாள் திரையில் தாங்கள் எழுதிய வேறொரு குறிப்பு கிடந்தது. செங்கழனிக்குப் பாதி நீர் தரலாம் என்றது அது. அவை மகிழ்ந்து ஆர்ப்பரிக்கையில், ஐயகோ, விசைப்பலகையை எவரும் தொடாமலே ‘பாதி’ என்ற சொல் எழுத்தெழுத்தாய் அழிந்து ‘மூன்றில் ஒன்று’ ஆனது. அதன் கீழே, தங்கள் பெயரில் வேறெங்கோ அமர்ந்திருப்பவர் யார் என்ற கேள்வியும், விடை வரும்வரை தூதர் சிறையில் இருப்பார் என்ற செய்தியும் வந்து விழுந்தன. வெண்பூதனார் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினார்.

தூதர் குற்றமற்றவர், அவர் புறப்பட்டபின்னரே இக்கணினி பூட்டப்பட்டது. அவர் மனைவி தேமொழியார் அவைக்கு வந்து, கணினியைத் தொட்டறியாத தம் கணவர் எதற்காகச் சிறையில் இருக்கிறார் என்று கேட்டார். மன்னர் எழுந்து நின்றார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பேரதிர்ச்சி. காலைப் பிடித்துத் தடுத்தேன், கேட்டாரில்லை. பேரரசியாரே, இவ்வோலையை நீட்டித் தங்கள் முன் நிற்பவரை ஓலைக்காரர் என்று எண்ணவேண்டா. அவரே எம் மன்னர்.

அவர் இட்ட ஆணை இது: நற்கண்ணனாரை வீட்டுக்கு அனுப்பி, அவர் இருந்த அறையில் தம்மை அடைக்கக் கேட்கவேண்டும், நீரில் பங்கு கேட்டு ஒரு சொல்லும் எழுதலாகாது. ஆணைப்படி எழுதினேன். ஓலையில் அரச முத்திரை இல்லையே என்று ஐயுறவேண்டா. முத்திரை மோதிரம் அவர் விரலில் இருக்கிறது. தூதர் தங்கள் கோட்டை வாயிலைக் கடந்ததும், தங்கள் கண்முன் மன்னரே அதை இவ்வோலையில் இடுவார்.