பேக்கரிக்காரனும் கிணற்று மோட்டரும்

ஒடென்சே

அன்புள்ள பிரியந்தி,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று என் அறையில் கூட இருக்கும் அந்தோனிதாசன் அண்ணையுடன் ஒரு கிரேக்கச் சரித்திரப் படம் பார்த்தேன். போரில் தோற்ற கணவனை நாடு கடத்துகிறார்கள். அவன் மனைவிக்குப் பேக்கரிக்காரன் ஒருவன் தினமும் பாண் கொடுக்கிறான், கூரையையும் திருத்துகிறான். அண்ணை அழுதுவிட்டார்.

"பாவமடா அந்த மனுசன்!"

"ஆர், புருசனோ?"

"சீ, பேக்கரிக்காரன்."

நம் கிணற்று மோட்டரைத் திருத்திய றெஜினோல்டைப் பற்றி நீரும் போனில் "பாவம் மனுசன்" என்றீர். எனக்குச் சந்தேகம் ஒன்றுமில்லை. சரித்திர ஆர்வத்தில் கேட்கிறேன்: மோட்டர் இதுவரை எத்தனை தரம் பழுதானது?

மிளகாய்த்தூள் அனுப்பும். இந்த வெளிநாட்டில் சமைத்தால் எதுவும் உறைப்பதில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வருகிறது, இத்துடன் முடிக்கிறேன். மோட்டர் மறுபடி நின்றால் வாளியால் அள்ளும். முழங்காலுக்கு நல்லதாம்.

உமது கணவன்
யூஜின்