ஏழும் அஞ்சும்

மாசி 1982, செவ்வாய்

நின்று நின்று கால் உளையுது. ஆனாலும் இதை எழுதாமல் படுக்க ஏலாது.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்று மனக்கணக்கு. விரல் எண்ணக் கூடாது, கையைக் கட்டுங்க என்று சொல்லியிருந்தேன். ஏழும் அஞ்சும் எத்தனை என்று கேட்டேன். ரஹீமா மேசைக்குக் கீழே கையை வைத்துப் பெருவிரலை ஓட்டினாள். கையை நீட்டச் சொல்லி, கோடு போடும் அடிமட்டத்தால் அந்த விரலிலேயே ஒன்று போட்டேன்.

“பன்னிரண்டு டீச்சர்,” என்றாள் அழுதுகொண்டே.

எப்படி வந்தது என்று கேட்டேன்.

“ஒரு விரலுக்கு மூணு கோடு. ஏழு எண்டா ரெண்டு விரலும் ஒரு கோடும். அஞ்சு எண்டா ஒரு விரலும் ரெண்டு கோடும். மிச்சக் கோடெல்லாம் சேர்ந்தா இன்னொரு விரல். நாலு விரல் பன்னிரண்டுதானே. உம்மா தொழுதுட்டு இப்படித்தான் தஸ்பீஹ் எண்ணுற.”

பத்து வருஷமாகப் படிப்பிக்கிறேன். இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. மணி அடிக்கும்வரை அவள் பொத்திய கையை விரிக்கவேயில்லை.

இரவு இஷா தொழுதபிறகு நானும் கையைக் கட்டிக்கொண்டு, தஸ்பீஹில் சுப்ஹானல்லாஹ் முப்பத்து மூன்று தரம் ஓதிப் பார்த்தேன். பதினேழோ பதினெட்டோ, தவறிப்போச்சு. பெருவிரல் தன்பாட்டில் கோட்டைத் தேடிப் போனது.