ஏழாவது பெயர்

பதிவு 1
12 மார்ச் 2071, காலை 9.10. நிலவின் மறுபக்க நிலையம். ஆட்கள் இரண்டு. காற்றுத் தகடுகள் இருபத்து நான்கு. வேலை செய்பவை பதினைந்து.

எழுதுபவன் நௌபல், காற்று அமைப்புப் பொறியாளன். நாங்கள் விடும் கரியமில வாயுவை இந்தத் தகடுகள் உறிஞ்சும். சூடாக்கினால் அதை வெளியேற்றிவிட்டு மறுபடி உறிஞ்சும். இப்படி ஆயிரம் சுற்று தாங்கும் என்கிறது ஆய்விதழில் வந்த கட்டுரை. இங்கே முந்நூறிலேயே ஒவ்வொன்றாகச் சாகின்றன. காற்றில் கரியமில வாயு 0.8 சதவீதம். புதுத் தகடுகளோடு கப்பல் அனுப்பச் சொன்னேன். கட்டுரைப்படி தகடு நன்றாக இருக்கிறது, உன் மீட்டரைப் பார் என்றார்கள் பூமியில், தரைக் கட்டுப்பாட்டு அறையில். பார்த்தேன். மீட்டர் சரி.

பதிவு 2
14 மார்ச், காலை 11.30. 1.3 சதவீதம்.

கட்டுரையின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் முந்நூறு சுற்றின் கோடு அடுத்த முந்நூறிலும் அப்படியே வருகிறது, அதற்கடுத்ததிலும். அளவீட்டில் வரும் சின்ன நடுக்கம்கூட மாறவில்லை. முந்நூறு வரை அளந்துவிட்டு மீதியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மதிப்பாய்வாளர்கள் படித்து ஒப்புதல் கொடுத்த கட்டுரை இது. என்னத்தைப் படித்தார்களோ.

தரையில் சொன்னேன். வெளிவந்ததை மறுக்க வெளிவந்த ஒன்று வேண்டுமாம். கட்டுரையை ஆய்விதழ் திரும்பப் பெற்றால் கப்பல் கிளம்பும். புகார் அனுப்பிவிட்டேன்.

பதிவு 3
16 மார்ச், பகல் 2.05. 1.9.

ஆய்விதழின் பதில்: "புகார்தாரர் இக்கட்டுரையின் ஏழாவது ஆசிரியர். ஆகவே இது வாசகர் புகார் அல்ல, ஆசிரியர்களுக்கு இடையிலான தகராறு. ஒன்பது ஆசிரியர்களும் கையொப்பமிட்டால் எங்கள் நெறிமுறைக் குழு பரிசீலிக்கும்."

நான் அதில் ஒரு கமாகூடப் போட்டதில்லை. பேராசிரியர் விஸ்வேஸ்வரன் ஆய்வகத்தில் இது வழக்கம். திட்டத்தில் இருக்கிற எல்லார் பெயரையும் போட்டுவிடுவார், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பதுபோல. கேட்டதற்கு அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது: "தம்பி, பேர் போட்டதுக்கு நன்றி சொல்லலேன்னாலும் பரவாயில்ல, குட்டையைக் குழப்பாதே. ஏப்ரல்ல விருதுக் குழு கூடுது. அது முடியட்டும், சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

நிலையத் தலைவர் ஹெலன் மேடம் மூன்றாவது பெயர். இந்தப் பதவியே அந்தக் கட்டுரையால் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "அந்த ஆய்வகம் எந்த மாடியில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுடா. அதை நானே எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சியோட ஊருக்குப் போறது?"

பதிவு 4
19 மார்ச், காலை 10.40. 4.1.

தலை பிளக்கிறது. நேற்று மேடம் இரண்டு முறை வாந்தி எடுத்தார். இன்று அவரே படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனா மூன்று முறை கீழே விழுந்தது.

என்னோடு சேர்த்து ஏழு பேர் ஆயிற்று. பேராசிரியர் போனை எடுப்பதில்லை. நான்காவது ஆசிரியர் இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். ஆய்விதழ் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறது. காற்றுக்கு வாரிசுச் சான்றிதழ்.

பதிவு 5
21 மார்ச், பகல் 12.20. 7.2. மீட்டர் சரி.

பதில் வந்தது: "மூன்றாம் ஆசிரியரின் கையொப்பம் எங்களிடமுள்ள மாதிரியோடு பொருந்தவில்லை. மீண்டும் அனுப்பவும்."

யாரிடம் வாங்கி அனுப்ப. காலையிலிருந்து மேடம் கண் திறக்கவில்லை. மூச்சு இருக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. வேலை செய்யும் தகடு ஆறு. ஆறு ஒருவருக்குப் போதும்.

இனி செய்யப்போவது:

1. ஆறு தகடுகளையும் மேடம் அறையில் மாட்டுவது. கதவை வெளியிலிருந்து மூடி அடைப்பது.
2. மீட்டருக்குப் பக்கத்தில் உட்காருவது. மணிக்கு ஒரு தடவை அளவையும் என் நாடித்துடிப்பையும் திறந்த அலைவரிசையில் சொல்வது, யார் காதில் விழுந்தாலும் சரி.
3. அந்த எண்களுக்கு மேல் ஒரே பெயர், என்னுடையது. மரியாதைக்குக்கூட வேறு யாரையும் சேர்க்காதீர்கள்.
4. எண்கள் நடுவில் நின்றால் அப்படியே விடுங்கள். மீதியை யாரும் நிரப்ப வேண்டாம்.